குதிரைக்கு வரும் அரிய கட்டிகள்: பெயரைத் தேடும் முன் திசுவைத் தேடுங்கள்

குதிரையின் உடலில் கட்டி என்று அழைப்பு வந்தால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: தோலில் வரும் சார்காய்டு, வெண்சாம்பல் நிறக் குதிரைகளுக்கு வரும் மெலனோமா என்ற நிறமிச் செல் கட்டி, கண்ணோரத்திலும் ஆண்குறியிலும் வரும் ஸ்க்வாமஸ் செல் புற்று (மேற்பரப்பின் தட்டைச் செல்களில் தொடங்குவது). குதிரை மருத்துவராக நான் பார்த்தவற்றில் மிகப் பெரும்பான்மை இவைதான். இந்த மூன்றையும் நன்றாகப் பழகிய கண்ணுக்குத்தான் நான்காவதாக ஒன்று எதிர்ப்படும்போது உறுத்தும். அரிய கட்டிகளைப் பற்றி எழுதும்போதும் சாதாரணக் கட்டிகளிலிருந்து நான் தொடங்குவதற்கு அதுதான் காரணம்.

சார்காய்டை முதன்முதலில் தனி நோயாக விவரித்தவர் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஜாக்சன், ஆண்டு 1936. மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இதன் பின்னணியில் இருப்பது பின்னாளில் தெளிவானது. முடி உதிர்ந்த தட்டையான வட்டமாக, மருவாக, தோலுக்கடியில் உருண்டையாக, புண்ணிலிருந்து பிதுங்கும் சதையாக என்று அது பல உருவங்களில் வரும். அதனாலேயே தோலில் எதைக் கண்டாலும் ‘சார்காய்டுதான்’ என்று சொல்லிவிடும் பழக்கமும் வந்துவிடுகிறது. வெண்சாம்பல் குதிரையின் வாலடியில் கறுப்பு உருண்டை தென்பட்டால் ‘மெலனோமாதான்’ என்பதும் அதே போலத்தான். அந்த இரண்டாவது கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வயதாக ஆக முடி வெளுக்கும் குதிரைகளில் எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவின் ஒரு பகுதி இரட்டித்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முடி வெளுப்பதற்கும் மெலனோமா வருவதற்கும் அந்த ஒரே மாற்றம்தான் வேர்.

ஆனால் அதே கறுப்பு உருண்டை செம்பழுப்புக் குதிரையின் காலில் வந்தால்? அங்கேதான் நான் நிற்பேன். நிறம் மாறாத குதிரைகளுக்கு மெலனோமா வருவது அரிது. வந்தால் அது கொடியதாக இருக்கும் வாய்ப்பும் கூடுதல். இடம், நிறம், வயது, வளரும் வேகம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று வழக்கத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அந்தக் கட்டியைப் பார்வையால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. எனக்கு இது பாடப்புத்தகத்தில் கிடைத்த விதி அல்ல. ஒவ்வொரு குதிரையாகப் பார்த்துச் சேர்ந்தது.

மூக்கில் சளி ஒழுகிய ஒரு பெண் குதிரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவயதுக் குதிரை. இடது நாசியில் மட்டும் நாற்றமடிக்கும் சளி. சில நாட்களில் அதில் இரத்தக் கீற்று. என்னிடம் வருவதற்கு முன்பே பலமுறை ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். “மருந்து கொடுத்தால் குறைகிறது டாக்டர், நிறுத்தினால் திரும்பி வருகிறது” என்றார் குதிரையை வளர்த்த அம்மா. அந்த வாக்கியத்தில் நோயின் பாதி வரலாறு இருந்தது. முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறையான சைனஸ் குழிக்குள் கட்டி வளரும்போது வடிகால் அடைபடும். தேங்கிய சளியில் கிருமி சேரும். ஆன்டிபயாடிக் அந்தக் கிருமியைத்தான் அடக்கும். ஆகவே, மருந்துக்குக் குறைந்தது என்பது கட்டி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இரண்டு நாசிகளின் முன்னும் உள்ளங்கைகளை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் மூச்சுக் காற்று குறைவாக வந்தது. இடது கண்ணில் நீர் கசிந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் விரலால் தட்டினால், வலப்பக்கம் வெற்றுக் குழியின் ஓசையும் இடப்பக்கம் மந்தமான ஓசையும் கேட்டன. இந்தப் பரிசோதனைகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. லாயத்தில் நின்றபடியே சில நிமிடங்களில் செய்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் மூக்கு ஒழுகும் எந்தக் குதிரைக்கும் இவற்றைச் செய்யாமல் மருந்துச் சீட்டு எழுதக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அடுத்து வாயைத் திறந்து கண்ணாடி வைத்துப் பற்களைப் பார்த்தோம். மேல் தாடையின் பின்பக்கக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸ் குழிக்குள் நீண்டிருக்கும். பல்வேரில் சீழ் பிடித்தாலும் இதே நாற்றச் சளிதான் வரும். அது கட்டியைவிட மிகவும் பரவலான காரணம். பற்கள் நன்றாக இருந்தன. எக்ஸ்ரேயில், சீழ் தேங்கினால் தெரியும் நேர்கோட்டு நீர்மட்டம் இல்லை. குழி முழுவதும் திட்டாக வெளுத்திருந்தது. எண்டோஸ்கோப்பைச் செலுத்தியபோது மூக்கின் பின்பகுதியில் சாம்பல் கலந்த இளஞ்சிவப்புத் திரள் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. எத்மாய்டு எலும்புப் பகுதியில் வளரும் இரத்தக்கட்டியாக இருக்குமோ என்று முதலில் யோசித்தோம். பெயரில் கட்டி என்று இருந்தாலும் அது புற்று அல்ல. அதன் மேற்பரப்பு பெரும்பாலும் மஞ்சளும் பச்சையும் ஊதாவும் கலந்து பளபளப்பாக இருக்கும். இங்கே அந்த நிறம் இல்லை.

எண்டோஸ்கோப் வழியே சிறு இடுக்கியால் கிள்ளி எடுத்த துணுக்குகளின் அறிக்கை வந்தது: நாள்பட்ட அழற்சி, மடிந்த திசு, கிருமிகள். புற்று பற்றி ஒரு சொல்கூட இல்லை. இப்படிப்பட்ட அறிக்கையைப் பார்த்ததும் நிம்மதியடைவது இயல்பு. ஆனால் எண்டோஸ்கோப் இடுக்கி எடுப்பது ஓரிரு மில்லிமீட்டர் மேல்தோல்தான். கட்டியின் மேல் படிந்திருக்கும் அழுகல் போர்வையை மட்டும் கிள்ளினால், அறிக்கையும் அந்தப் போர்வையைப் பற்றித்தான் பேசும். கண்ணால் கண்டதும் அறிக்கை சொல்வதும் ஒத்துப்போகாதபோது அறிக்கை பொய் என்று ஆகிவிடாது; கேள்வி சரியான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள்.

எனவே நின்ற நிலையிலேயே மயக்கமூட்டி, உணர்விழக்க ஊசி போட்டு, நெற்றி எலும்பில் துளையிட்டு உள்ளே போனோம். இம்முறை எடுத்தவை பெரிய துண்டுகள். ஓரத்திலிருந்தும் ஆழத்திலிருந்தும் எடுத்தோம். நோயியல் நிபுணரின் பதிலில், வட்ட வடிவச் செல்களால் ஆன கொடிய கட்டி, லிம்போமாவாக (வெள்ளணு வகையான டி, பி செல்களில் தோன்றும் புற்று) இருக்கலாம் என்று இருந்தது. ‘இருக்கலாம்’ என்ற அந்தச் சொல்லை அவர் கவனத்தோடு எழுதியிருந்தார். சாதாரணச் சாயத்தில் வட்டச் செல் கட்டிகள் பலவும் ஒன்று போலவே தெரியும். திசுவில் இருக்கும் புரதங்களை அடையாளம் காணும் இம்யூனோ சாயங்களைப் போடச் சொல்லிக் கேட்டோம். டி செல்களைக் காட்டும் சிடி3 ஏறவில்லை. பி செல்களைக் காட்டும் சிடி20 ஏறவில்லை. லிம்போமா விலகியது. நரம்புச் செல்லின் இயல்பும் ஹார்மோன் சுரக்கும் இயல்பும் சேர்ந்த நியூரோஎண்டோக்ரைன் செல்களைக் காட்டும் சினாப்டோஃபைசினும் குரோமோகிரானினும் ஏறின. மூக்குப் பகுதியின் நியூரோஎண்டோக்ரைன் புற்று, குதிரைகளில் மிகச் சிலமுறை மட்டுமே பதிவானது.

இதற்குள் எடுத்திருந்த சி.டி. ஸ்கேனில், மூக்குக்கும் மூளைக்கும் இடையிலுள்ள மெல்லிய எலும்புத் தகடு அரிக்கப்பட்டிருந்தது. அந்த அம்மாவோடு நீண்ட நேரம் பேசினோம். குதிரை வலியில்லாமல் போக வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். எப்படியும் காப்பாற்ற முடியாத குதிரைக்குப் பெயர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். லிம்போமா என்ற ஊகத்திலேயே நின்றிருந்தால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்துக் காத்திருந்திருப்போம். அந்தக் காலம் முழுவதும் அந்தக் குதிரை மூச்சுக்குத் திணறியிருக்கும். சரியான பெயர் அந்தத் துன்பத்தைத் தடுத்தது.

திசு எடுக்கும் முறையைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் போதாது என்றே நினைக்கிறேன். அரிய கட்டி தவறவிடப்படுவதற்கு ஆய்வுக்கூடத்தைவிட, அங்கே போய்ச் சேரும் திசுவே பெரும்பாலும் காரணம். கட்டியின் நடுப்பகுதி பல நேரம் இரத்த ஓட்டமின்றி மடிந்து கிடக்கும். அங்கிருந்து எடுத்தால் குழம்பிய சிதைவுதான் கிடைக்கும். நலமான திசுவும் கட்டியும் சந்திக்கும் விளிம்பில் எடுத்த துண்டுதான், கட்டி எப்படிப் பரவுகிறது என்பதையும் காட்டும். உணர்விழப்பு ஊசியைக் கட்டிக்குள்ளேயே குத்தாமல் சுற்றிலும் போட வேண்டும். இடுக்கியால் நசுக்கிவிட்டால் வட்டச் செல்கள் இழுபட்டுக் கோடுகளாகிவிடும். அப்புறம் எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

எடுத்ததும் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் இட வேண்டும். திசுவின் அளவைப் போல பத்து மடங்கு திரவம் தேவை. பெரிய கட்டியை முழுதாக ஒரு சிறு டப்பாவில் திணித்து அனுப்பினால், வெளிப்புறம் பதப்பட்டு உட்புறம் அழுகியிருக்கும். ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊடுருவும் என்பதால் துண்டின் தடிமன் 1 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஊசியால் உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தேய்த்த மாதிரிகளை ஃபார்மலின் டப்பாவோடு ஒரே பையில் வைக்கவே கூடாது. அதன் ஆவியே தகட்டில் உள்ள செல்களின் சாயமேற்கும் தன்மையைக் கெடுத்துவிடும். இது தெரியாமல் வீணாகும் மாதிரிகள் ஏராளம்.

இந்த அறிவுரைக்கு ஒரு விலக்கும் உண்டு. சார்காய்டு என்று வலுவாக ஐயப்படும் கட்டியை, அடுத்த சிகிச்சை என்ன என்று திட்டமிடாமல் வெட்டிப் பார்க்கக் கூடாது. அமைதியாக இருக்கும் சார்காய்டு, கத்தி பட்டதும் வெறியோடு வளரக்கூடும். அறிக்கை வந்ததும் உடனே சிகிச்சை தொடங்கும் ஏற்பாடு இருந்தால் எடுங்கள். முடிந்தால் கட்டியை முழுவதுமாக விளிம்போடு அகற்றி அனுப்புங்கள். அதே சமயம், ஆறாத கால் புண்ணில் பிதுங்கும் சதை எல்லாம் சார்காய்டும் அல்ல. வெறும் மிகைச்சதை, ஈக்கள் வழியே புண்ணில் சேரும் ஹேப்ரோனீமா புழு, ஈரநிலங்களில் தொற்றும், பூஞ்சை போன்ற கிருமியால் வரும் பித்தியோசிஸ் எல்லாம் அதே முகத்தோடு வரும். புழு இருப்பதாக அறிக்கை வந்தால் அத்துடன் விசாரணையை முடித்துவிடாதீர்கள். புற்றுப் புண்ணிலும் அந்தப் புழு குடியேறும்.

நோயியல் நிபுணருக்கு நீங்கள் எழுதும் கடிதமும் மாதிரியின் ஒரு பகுதிதான். ‘குதிரை, கட்டி’ என்று இரண்டு சொல் எழுதி அனுப்பப்பட்ட டப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். குதிரையின் வயது, பாலினம், நிறம், கட்டி இருக்கும் சரியான இடம், எவ்வளவு காலமாக இருக்கிறது, எந்த வேகத்தில் வளர்ந்தது, முன்பு என்ன மருந்து கொடுக்கப்பட்டது, குறிப்பாக ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா, இவை எல்லாம் வேண்டும். ஸ்டீராய்டு லிம்போமாவின் தோற்றத்தையே மாற்றிவிடும். படங்கள் எடுத்திருந்தால் அனுப்புங்கள். நீங்கள் எதை ஐயப்படுகிறீர்கள், எது உங்களுக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். முடிந்தால் தொலைபேசியில் பேசிவிடுங்கள். இம்யூனோ சாயங்களில் பெரும்பாலானவை மனிதத் திசுவுக்காக உருவானவை. எல்லாமே குதிரைத் திசுவில் வேலை செய்யும் என்று கொள்ள முடியாது. அதனால் குதிரைத் திசுவில் அந்தச் சாயம் சரிபார்க்கப்பட்டதா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். நல்ல நிபுணர் அந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடுதான் எடுத்துக்கொள்வார்.

வெளியே தெரியாத கட்டிகள் வேறு வழியில் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. வயதான ஒரு பெண் குதிரையை நடக்கத் தயங்குகிறது என்று காட்டினார்கள். நான்கு கால்களிலும் எலும்பு தடித்து, தொட்டால் வலித்தது. மூட்டுகளில் குறையில்லை. எக்ஸ்ரேயில் எலும்பின் மேலுறையை ஒட்டிப் புதிய எலும்பு முட்கள் போல வெளிநோக்கி வளர்ந்திருந்தது. நான்கு காலிலும் ஒரே நேரத்தில் இப்படி வந்தால் பார்க்க வேண்டிய இடம் கால் அல்ல, மார்பு. மார்புக்குள் ஏதோ ஒன்று வளரும்போது கால் எலும்புகள் இப்படித் தடிப்பதை மனிதர்களில் 1890இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி விவரித்தார். குதிரைகளிலும் அதுவேதான் நடக்கிறது.

குதிரையை வளர்த்தவரிடம் இருமல் உண்டா என்று கேட்டேன். “நெடுநாளாக உண்டு, தூசியால் வருவது என்று இருந்துவிட்டோம்” என்றார். எண்டோஸ்கோப்பை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தியபோது வலது கிளைக்குழாயில் வழவழப்பான உருண்டை ஒன்று வழியை மறித்து நின்றது. எடுத்த திசுவில், பெரிய செல்களுக்குள் பிஏஎஸ் சாயத்தை ஏற்கும் துகள்கள் நிறைந்திருந்தன. எஸ்100 சாயமும் ஏறியது. கிரானுலர் செல் கட்டி. குதிரையின் நுரையீரலிலேயே தொடங்கும் கட்டிகளில் அதிகம் பதிவாவது இதுதான். ஆனால் நுரையீரலில் தொடங்கும் கட்டியே குதிரைக்கு அரிது. மெதுவாக வளரும், தொலைவுக்குப் பரவுவது குறைவு. எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விடை ஒருபோதும் கிடைத்திருக்காது.

வயிற்றுக்குள் இருக்கும் கட்டிகள்தான் என் பொறுமையை மிகவும் சோதித்தவை. நன்றாகத் தின்னும் குதிரை மெலிகிறது, காய்ச்சல் லேசாக வந்து போகிறது, இரத்தசோகை. இந்த நிலையில் பற்களையும் குடற்புழுவையும் முதலில் விலக்குங்கள். அவைதான் அடிக்கடி காரணம். பிறகு மலக்குடல் வழியே கையால் பரிசோதித்து, அல்ட்ராசவுண்டில் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், குடல்சுவரின் தடிமன் ஆகியவற்றைப் பாருங்கள். தின்பதில் ஆர்வமே குறைந்து, விழுங்கும்போது சிரமப்பட்டு, எச்சில் வடித்தால் இரைப்பைக்குள் பார்க்காமல் விடக் கூடாது. அங்கே தோன்றும் கட்டிகளில் முதலிடம் ஸ்க்வாமஸ் செல் புற்றுக்குத்தான். அதற்கு ஏறத்தாழ 3 மீட்டர் நீள எண்டோஸ்கோப் வேண்டும். குதிரை இரவு முழுவதும் பட்டினி இருக்க வேண்டும்.

வயிற்றறை நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பது எளிது, பயனுள்ளது. ஆனால் அதில் புற்றுச் செல் இல்லை என்ற பதிலை வைத்துக் கட்டி இல்லை என்று சொல்லவே முடியாது. பல கட்டிகள் தங்கள் செல்களை நீரில் உதிர்ப்பதில்லை. இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். லிம்போமா உள்ள குதிரைகளில் பெரும்பாலானவற்றின் இரத்த ஓட்டத்தில் புற்றுச் செல்கள் தென்படுவதே இல்லை. இரத்தத்தில் கால்சியம் கூடுதலாக இருந்தால் பலர் உடனே புற்றை நினைக்கிறார்கள். மற்ற விலங்குகளுக்கு அது பொருந்தலாம். குதிரை உபரிக் கால்சியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் விலங்கு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பிலும் அதன் இரத்தத்தில் கால்சியம் ஏறும். முதலில் சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டுப் பிறகு புற்றைத் தேடுவதே முறை.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண் குதிரை திடீரென்று பொலிகுதிரை போல நடந்துகொண்டால் சினைப்பையைப் பாருங்கள். ஒன்று பெரிதாகி மற்றது சுருங்கியிருந்தால் கிரானுலோசா செல் கட்டி என்ற ஐயம் வலுக்கும், ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன் அளவு அதை உறுதிப்படுத்த உதவும். குளம்பில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சீழ் வந்தால் கெரட்டோமாவை (குளம்புக்குள் வளரும் கொம்புப்பொருள் கட்டி) நினையுங்கள். இளங்குட்டியின் கீழ்த்தாடை முன்பகுதி எலும்போடு பருத்தால் அது ஆசிஃபையிங் ஃபைப்ரோமாவாக (எலும்பு உருவாகும் நார்த்திசுக் கட்டி) இருக்கலாம். சீக்கிரம் அகற்றினால் நல்ல பலன் உண்டு.

அரிய கட்டி என்று தெரிந்ததும் குதிரை வளர்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை காலம் இருக்கும் டாக்டர்?” என்பதுதான். நேர்மையான பதில் சங்கடமானது. உலகில் பதிவான குதிரைகளே ஒரு கை விரல்களில் அடங்கும்போது, அவற்றின் ஆயுளைச் சராசரி பார்த்துச் சொல்வது நியாயம் ஆகாது. அப்படிப் பதிவானவையும் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவையாகவே பெரும்பாலும் இருக்கும். அதனால் நான் கட்டியின் பெயரை வைத்துப் பேசாமல் எதிரே நிற்கும் குதிரையை வைத்துப் பேசுகிறேன்: தின்கிறதா, படுத்து எழுகிறதா, மூச்சு எளிதாக இருக்கிறதா, கட்டி எந்த உறுப்பை நெருக்குகிறது. இந்தக் கேள்விகளின் பதில்களைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முடிவெடுக்கும் நாளில் அந்தக் குறிப்புகள் அவர்களுக்குத் துணையாக நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குதிரை இறந்த பின் உடற்கூறாய்வுக்கு அனுமதி கேட்பது எனக்கு இன்னும் கடினமான வேலைதான். ஆனாலும் கேட்கிறேன், இறப்பதற்கு முன்பே, அமைதியான ஒரு வேளையில். கட்டி எங்கே தொடங்கியது, எங்கெல்லாம் பரவியது என்பதை வேறெதுவும் சொல்லாது. அறிக்கை வந்த பிறகு ஆய்வுக்கூடத்திடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அதில் உள்ள திசு பல ஆண்டுகள் கெடாது. இன்று பெயர் தெரியாத கட்டிக்கு நாளை புதிய சாயமோ மரபணுச் சோதனையோ வந்தால், அதிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து மறுபடி பார்க்கலாம். மூக்கில் கட்டி வந்த அந்தப் பெண் குதிரைக்குக் கூடுதல் சாயங்களைப் போட முடிந்ததும் இரண்டாவது முறை எடுத்த துண்டுகளின் மெழுகுக் கட்டையில் திசு மிச்சம் இருந்ததால்தான்.